கோலகங்சார் அக்காவுக்கு இன்று இரவே பதில் எழுதுங்கள்

வாசகர் கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 36. சுங்கை சிப்புட்டில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும்தான். பணி அனுபவத்தை வைத்து அப்பெல் வழியாகப் பாலர் கல்வி இளங்கலைக்கு இடம் கிடைத்தது. தொலைதூரக் கல்வி. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். முதல் செமஸ்டரில் நான்கு பாடத்தில் ஒன்று தோல்வி. இப்போது அலகு 3-ஐ, குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று எழுதிய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பற்றியதை, மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 80 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லாரும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வேகமாக எழுதுகிறார்கள். நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு ஈப்போ மையத்துக்குப் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், மத்தியானம் காரில் சாப்பிட்டுவிட்டு, முடிந்ததும் திரும்பிவிடுவேன். கோலகங்சாரில் இருக்கும் ஒரு மலாய்க்கார அக்கா ஒருமுறை எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். நான்கில் மூன்று பாடத்தில் தேறியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினெட்டு வருடம் கழித்து, வேலைக்கும் போய்க்கொண்டு, யார் துணையும் இல்லாமல் மூன்று பாடம். இதை உங்களுக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதனால் முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது பாடம் கடினமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் குறை என்று தோன்றியது. இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. காரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் உங்களைப் போலவே வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த முப்பது நாற்பது பேர் இருக்கும்போது, நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிடுகிறீர்கள். பாடம் ஏறாததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போவார்கள். கிராணி பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் குரல் கொடுப்பார்கள். ஒரு பேருக்குப் பதில் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லுவாள்: "அவளுக்கு ராத்திரி காய்ச்சல், கிராணி." பெரட்டு என்பது கூலிக்காக வைத்த கணக்குத்தான், அதில் கொடுமையும் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்று உண்டு. நீங்கள் வரவில்லை என்றால் அது யாருக்காவது தெரிந்தது. தொலைதூரக் கல்வியில் அது கிடையாது. நீங்கள் இரண்டு வாரம் புத்தகத்தைத் திறக்காவிட்டாலும் பேர் கூப்பிட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த மாணவர்களோடு இருக்கிறேன். பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிவெடுத்து நிற்பதில்லை. ஒரு வாரம் விட்டுப்போகும், அடுத்த வாரம் வெட்கமாக இருக்கும், மூன்றாம் வாரம் குழுவைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கும். அந்த முதல் வாரத்திலேயே "எங்கே ஆளைக் காணோம்?" என்று கேட்க ஒருவர் இருந்தால் அவர்களில் பலர் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளில் பீடோர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்துகொண்டே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன். அவர்கள் 1971-லேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டார்கள். பாடப் புத்தகம் தபாலில் வரும். வருடத்துக்கு ஒருமுறை பினாங்கு வளாகத்தில் சில வாரம் தீவிர வகுப்பு இருக்கும். அங்கே விடுதிக்கு டேசாசிஸ்வா என்று பேர். என் அறையில் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார அக்கா, மருத்துவமனைத் தாதி. 'காக்' என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு, பையைக் கட்டிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உனக்குப் போன் பண்ணுவேன். எந்த நம்பர்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் போன் ஏது? சீனர் கடை நம்பரைக் கொடுத்தேன். கருவாட்டு டின்னுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் சுவரில் மாட்டியிருக்கும் அந்த போன். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குப் புத்தகத்தோடு கடைவாசலில் நிற்பேன். பத்து பதினைந்து நிமிடப் பேச்சு. இந்த வாரம் எத்தனை பக்கம், எது புரியவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை இடுபணிக்கு (அசைன்மென்ட்) மிகக் குறைவான மதிப்பெண் வந்தது. வெட்கத்தில் அந்த ஞாயிறு நான் கடைக்குப் போகவில்லை. நாலரை மணிக்கு கடை முதலாளி தௌக்கேயின் மகன் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்து, "சிக்கு (டீச்சர்)! தைப்பிங் தெலிபோன்!" என்று கத்தினான். லயமே எட்டிப் பார்த்தது. ஓடினேன். அக்கா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "மார்க் வந்ததா? எனக்கும் குறைவுதான். மூன்றாம் அலகைத் திற" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு அந்தப் பையன் வந்திருக்காவிட்டால் இன்று இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

தொலைதூரக் கல்வியை ஆராய்ந்தவர்களில் மைக்கேல் மூர் என்ற பேராசிரியர் முக்கியமானவர். படிப்பில் மூன்று விதமான பரிமாற்றம் உண்டு என்று 1989-ல் எழுதினார். மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. அலகைப் படிக்கிறீர்கள், சனிக்கிழமை விரிவுரையாளர் பேசுவதைக் கேட்கிறீர்கள். மூன்றாவது சுத்தமாக இல்லை. அதை ஏதோ பொழுதுபோக்கு, நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வகுப்பறையில் படித்த காலத்தில் அது தானாக நடந்ததால் அதன் அருமை தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரியின் நோட்டை எட்டிப் பார்த்தோம், இடைவேளையில் "நீ என்ன எழுதினே?" என்று கேட்டோம். அதுவும் படிப்புத்தான்.

இதைச் சொல்ல நான் மூரைத் தேடிப் போயிருக்கவே வேண்டாம். உங்களுக்கு ஏறவில்லை என்கிறீர்களே, அந்த வைகாட்ஸ்கியே இதைத்தான் சொல்கிறார். அருகமை வளர்ச்சி மண்டலம் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். உங்கள் பாலர் பள்ளியில் காலையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. தனியாக விட்டால் அழுவான். நீங்களே போட்டுவிட்டால் நாளைக்கும் உங்களிடம்தான் வந்து நிற்பான். பக்கத்தில் இருக்கும் ஆறு வயதுக்காரி பொத்தானை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டு, "இப்ப நீ இழு" என்கிறாள். அவன் இழுக்கிறான். பொத்தான் வெளியே வருகிறது. இரண்டு வாரத்தில் முழுவதும் அவனே போடுகிறான். அவன் தனியாகச் செய்ய முடிந்ததற்கும், துணையோடு செய்ய முடிந்ததற்கும் நடுவில் இருக்கிற இடம்தான் அந்த மண்டலம். துணை ஆசிரியராக இருக்கலாம், கொஞ்சம் கூடத் தெரிந்த சக மாணவராகவும் இருக்கலாம் என்று வைகாட்ஸ்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் காசநோயில் இறந்தபோது வயது 37, உங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நீங்கள் ஒவ்வொரு நாளும் கையால் செய்துகொண்டிருப்பதைத்தான் அவர் எழுதிவைத்தார். இந்தப் பொத்தான் கதையை உங்கள் வார்த்தையில் இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள், அலகு 3 உங்களுக்கு வந்துவிடும்.

சொல்லிப் பார்ப்பது என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று முறை படித்தேன் என்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும், அது ஏமாற்றும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் நிறைய நினைவிருந்தது. தனியாக இருந்தும் இதைச் செய்யலாம். ஆனால் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, சமைத்து, துணி மடித்து, இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து யார் சொல்லிப் பார்ப்பார்கள்? மறுமுனையில் ஒரு ஆள் காத்திருந்தால் செய்வோம்.

அந்த ஆளை 80 பேர் குழுவில் தேடாதீர்கள். அது அறிவிப்புப் பலகை மாதிரி. தேதி மாறினால், வகுப்பு அறை மாறினால் தெரிந்துகொள்ள அது போதும். அங்கே வேகமாக எழுதுகிறவர்கள் ஆறேழு பேர்தான் இருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். மிச்சம் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பார்வையில் அவர்கள் எல்லாரும் பாடம் தெரிந்தவர்கள். அவர்கள் பார்வையில் நீங்களும் அப்படித்தான்.

எஸ்.பி.எம்.தான் என்ற கூச்சத்தையும் விடுங்கள். 21 வயதைத் தாண்டியவர்களை வேலை அனுபவத்தின் அடிப்படையில் இளங்கலைக்கு எடுக்கும் அப்பெல் வழி, உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது. உங்கள் குழுவிலும் அந்த வழியாக வந்தவர்கள் இருப்பார்கள். 2000-ல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது, 2007-ல் வாவாசான் திறந்த பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அந்தக் காலத்திலிருந்து என் முன்னால் உட்கார்ந்தவர்களில் தாதிகள், கிராணிகள், போலீஸ்காரர்கள், மூன்று பிள்ளை பெற்ற அம்மாக்கள் எல்லாரும் உண்டு. அவர்களில் பலர் முதல் நாள் சொன்னது ஒன்றேதான்: "மற்றவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள், நான் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டேன்."

குழுவில் ஒரே ஒரு முறை மட்டும் கேளுங்கள். பழக்கத்துக்காக. "யாருக்காவது புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றே தெரியாது. ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். "சோஆலான் துகாசான் நொம்பொர் 2, பெர்லு கிதா பாகி சொந்தோ சென்டிரி கெ?" இரண்டாம் கேள்விக்குச் சொந்த எடுத்துக்காட்டு கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி, வேறொன்றும் இல்லை. இலக்கண மலாய் தேவையில்லை. ரொட்டி சானாய் கடையில், கிளினிக்கில், பிள்ளைகளின் பள்ளி அலுவலகத்தில் நீங்கள் பேசும் மலாயே போதும். அங்கெல்லாம் யாராவது உங்களைத் திருத்தினார்களா? அப்புறம் ஒன்று கவனியுங்கள். குழுவில் யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, யார் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கிறவருக்குத் துணை தேவை. அவருக்குத் தனியாக எழுதினால் மகிழ்வார்.

உங்களுக்கு அந்த வேலையும் இல்லை. கோலகங்சார் அக்கா ஏற்கெனவே வந்துவிட்டார்.

அவர் ஏன் உங்களுக்கு எழுதினார் என்று யோசித்தீர்களா? எண்பது பேரில் தேடி எடுத்து எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர் என்பதாலா, கடைசி வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்ததாலா, எனக்குத் தெரியாது. ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறவர்கள் "பாடம் எப்படிப் போகிறது?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பது குறைவு. தனக்குப் போகவில்லை என்பதைச் சொல்வதற்கான மரியாதையான வழி அது. ஐந்து வாரமாக அவரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பதில் வராததால் தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்திருக்கலாம். நாள் தள்ளிப்போனதற்கு நீண்ட விளக்கம் எழுதாதீர்கள். விளக்கம் எழுத உட்கார்ந்தால் இன்னும் ஐந்து வாரம் ஆகும்.

அவர் பதில் சொன்னதும் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம். புதன் இரவு ஒன்பது என்றால் எப்போதும் புதன் இரவு ஒன்பது. "ஃப்ரீயா இருக்கும்போது பேசலாம்" என்று விட்டால் நடக்கவே நடக்காது, குடும்பப் பெண்ணுக்கு ஃப்ரீயான நேரம் என்று ஒன்று கிடையாது. நாற்பது நிமிடம் போதும். வீடியோ வேண்டாம். தோட்டப் பக்கம் லைன் எப்படி என்று எனக்குத் தெரியும், குரல் அழைப்புக்கு அதைவிட மிகக் குறைந்த டேட்டா போதும், முகம் கழுவி உட்காரவும் வேண்டியதில்லை. இடி மின்னல் வந்து மோடத்தைக் கழற்றிவைத்துவிட்டால் அந்த வாரம் குரல் பதிவில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் வீட்டுக் கதை. அதைத் தவிர்க்காதீர்கள், அதில்தான் நட்பு வளரும். பிறகு நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததில் ஒன்றை அவருக்கு விளக்குங்கள். அவர் புத்தகத்தைத் திறந்துவைத்துக் கேட்கட்டும், விட்டுப்போனதைச் சொல்லட்டும். பிறகு முறை மாறும். இருவருக்கும் புரியாதது ஒன்று மிஞ்சும். அதைக் கேள்வியாக எழுதி விரிவுரையாளருக்கு இருவர் பேரிலும் அனுப்புங்கள். தனியாகக் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் கூச்சம் பாதியாகும். வைக்குமுன் அடுத்த வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் அழைக்க வேண்டும். இது ஒன்றுதான் நான் விட்டுக்கொடுக்காத விதி. தௌக்கே மகன் செய்த வேலை அது.

ஒத்துப்போனால் மூன்றாவதாக ஒருவரையும் நான்காவதாக ஒருவரையும் சேருங்கள். ஒருவர் பிரசவத்துக்குப் போனாலும், ஊருக்குப் போனாலும் புதன்கிழமை நிற்காது. ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். அப்போது மறுபடியும் யாராவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. குழு என்று வந்ததும் போன செமஸ்டர் இடுபணிகள் கைமாறத் தொடங்கும். "பார்க்க மட்டும்" என்று அனுப்புவார்கள். வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் போன்ற மென்பொருள் இணையத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, முன்பு மாணவர்கள் சமர்ப்பித்தவற்றோடும் ஒப்பிடும். நல்ல மனதோடு தன் கோப்பைக் கொடுத்த பெண்ணும் வாங்கிய பெண்ணோடு சேர்ந்து விசாரணையில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி என்ன கேட்கிறது என்று சேர்ந்து பேசுங்கள், எடுத்துக்காட்டுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், எழுதுவதை மட்டும் அவரவர் தனியாகச் செய்யுங்கள். கூட்டு இடுபணி என்று பல்கலைக்கழகமே கொடுத்தால் அது வேறு. அங்கே முதல் நாளிலேயே யார் எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ சனிக்கிழமையை வீணாக்காதீர்கள். கடைசி வரிசை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கேயே உட்காருங்கள். ஆனால் வகுப்பு தொடங்க இருபது நிமிடம் முன்னால் போய்விடுங்கள். சீக்கிரம் வந்தவர்கள் எல்லாரும் பேசத் தயாராக இருப்பார்கள், தாமதமாக வந்தால் எல்லாரும் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். "எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டாலே போதும், ரோட்டைப் பற்றி, நெரிசலைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். மத்தியானம் காரில் சாப்பிடாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை மலாய்த் தோழிகளுக்கு நீட்டி, அவர்கள் தயங்கினால் மனம் நோக வேண்டாம், அது அவர்களின் மார்க்க விஷயம், உங்கள் மேல் உள்ள எண்ணம் இல்லை. எல்லாரும் சேர்ந்து பக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போய்விடுங்கள். தே தாரிக் வரும் வரைக்கும் அலகு 3-ஐப் பற்றிப் புலம்பினாலே மூன்று பேர் நண்பர்களாகிவிடுவார்கள். கோலகங்சார் அக்காவும் ஈப்போ மையத்துக்குத்தான் வருகிறார் என்றால், அவருக்கு உங்கள் ஊர் வழியில்தான் இருக்கிறது. ஒரே காரில் போய்வர முடியுமா என்று பிறகு கேட்டுப் பாருங்கள். போகும் வழியில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே போகலாம்.

மாமியாரைப் பற்றி. அவர் உங்களுக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. மருமகள் இரவில் போனை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய் மெதுவான குரலில் யாருடனோ பேசினால் எந்த மாமியாருக்கும் கேள்வி வரும். மறைக்காதீர்கள். சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுங்கள். முதல் புதன்கிழமையே "அத்தை, இவங்க என்கூடப் படிக்கிறாங்க, கோலகங்சார்" என்று சொல்லி இரண்டு வார்த்தை பேசவையுங்கள். அந்தக் காலத்துத் தோட்டத்து அம்மாக்களுக்கு மலாய் நன்றாக வரும், பேசிவிடுவார். பிறகு ஒரு புதன் நீங்கள் மறந்துபோய்த் துணி மடித்துக்கொண்டிருந்தால், "ஒம்போது ஆச்சே, அந்தப் பொண்ணு கூப்பிடுமே" என்று அவரே சொல்வார். என் மாணவிகள் வீட்டில் இது நடந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: புதன் இரவு அந்த நாற்பது நிமிடம் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் லைன் சுத்தமாக இல்லை என்றால் ஊரில் அரசாங்கத்தின் இணைய வசதி தரும் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், முன்பு பெடி என்பார்கள். தோல்வியடைந்த பாடத்தைத் திரும்ப எடுக்கும் செமஸ்டரில் மற்ற பாடங்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் மையத்தின் மாணவர் ஆலோசகரிடம் கேளுங்கள். நான்கு பாடம் உங்களுக்கு அதிகம், இரண்டோ மூன்றோ எடுத்துக் கொஞ்சம் தாமதமாக முடித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்போது போனை எடுங்கள். அந்தச் செய்தியைத் தேடித் திறங்கள். இதை அப்படியே எழுதலாம், இல்லை உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம்:

"காக், மாஃப் லம்பாட் பாலாஸ். சாயா மாலு, செமெஸ்டர் லெபாஸ் காகால் சத்து சுப்ஜெக். யூனிட் தீகா சாயா தா ஃபாஹாம். காக் சுடா பாச்சா?"

தாமதத்துக்கு மன்னியுங்கள், போன செமஸ்டரில் ஒன்று போய்விட்டது, வெட்கமாக இருந்தது, மூன்றாம் அலகு புரியவில்லை, நீங்கள் படித்துவிட்டீர்களா. நான்கே வரி. தோல்வியைப் பற்றிய அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் அவருடையதை அவரும் உங்களிடம் சொல்லுவார்.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பசியாற வைத்துவிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா